தேக்கு விற்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கப்பிள்ளை சொல்வது

"ஒரு தேக்கு இப்ப என்ன விலை போகும்?" இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. மரம் வாங்கி விற்கிற மரக்காலையில் பல வருடம் கணக்கு எழுதியவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு மாடு என்ன விலை என்று கேட்டால் யாராவது சொல்வார்களா? பால் மாடா, உழவு மாடா, எத்தனை பல், எங்கே கட்டியிருக்கிறது என்றுதானே கேட்பார்கள். மரத்துக்கு மட்டும் ஒரே விலை இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோமோ தெரியவில்லை.

இப்போது கேட்பவர்கள் கூடிவிட்டதால் எழுதுகிறேன். எங்கள் திருக்கோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், பாலம்போட்டாறு, கிண்ணியா, தோப்பூர்ப் பக்கமெல்லாம் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் வைத்த தேக்குகள் கட்டிப்பிடிக்கிற பருமனுக்கு வந்துவிட்டன. வைத்தவர்களில் பலர் சண்டைக் காலத்தில் காணியை விட்டுப் போனார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே மரம் வளர்ந்தது. தேக்குக்கு அது பெரிய காரியமில்லை. இப்போது பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கும்போது அம்மப்பா வைத்த மரம் காசாகத் தெரிகிறது. வாங்க வருகிறவர் ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போகிறார். அது கூடவா குறைவா என்று கேட்கத்தான் என்னிடம் வருகிறார்கள்.

நான் இருந்தது வாங்குகிற பக்கத்தில். அந்தப் பக்கத்துக் கணக்கு எப்படிப் போகும் என்று சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

காணிக்காரர் மரத்தின் அடியிலிருந்து யோசிப்பார். இத்தனை வருடம் நின்றது, இவ்வளவு உயரம், இவ்வளவு பருமன். மரக்காலை முதலாளி மறுமுனையிலிருந்து வருவார். திருக்கோணமலை டவுனில் இந்த மாதம் தேக்குப் பலகை கனஅடி என்ன விலைக்குப் போகிறது? அங்கே தொடங்குவார். அதில் அறுப்புக் கூலியைக் கழிப்பார். ஒரு கட்டையை அறுத்தால் பாதி, கவனமாக அறுத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் பலகையாகத் தேறும். மற்றது ஓரச் சீவலும் மரத்தூளும். அதையும் கழிப்பார். பிறகு லொறி வாடகை, ஏற்றி இறக்குகிற கூலி, செயின்சோக்காரரின் சம்பளம், கயிறு பிடிக்கிறவர்களின் சாப்பாடு, பெர்மிட்டுக்கு அலைகிற நாட்கள், போட்ட காசு திரும்பி வரும்வரை அதன் வட்டி. மரத்துக்குள்ளே கோறை, அதாவது பொந்து, இருந்துவிட்டால் வரப்போகும் நட்டத்துக்கு ஒரு பங்கு. கடைசியில் தன் இலாபம். இவ்வளவும் போக எஞ்சுவதுதான் காணிக்காரருக்குச் சொல்லப்படும் விலை.

இந்த வரிசையில் எந்த இடத்தில் செலவு கூடினாலும், எந்த இடத்தில் பயம் கூடினாலும், குறைவது காணிக்காரரின் பங்குதான். பலகை வாங்குகிற தச்சு பாஸ் உங்களுக்காகக் கூட்டித் தரமாட்டார். லொறிக்காரர் வாடகையில் விட்டுத்தர மாட்டார். மரத்தை வளர்த்தவர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். அநியாயம் என்று சொல்லலாம். ஆனால் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது, அது தெரிந்தால் எங்கே கை வைக்கலாம் என்பதும் தெரியும்.

பருமனில் தொடங்குவோம். அரசாங்கத்தின் மரக் கூட்டுத்தாபனத்தின் விலைப் பட்டியலில் மர இனத்தால் ஒரு பிரிப்பு இருக்கும். தேக்கு போன்ற மரங்களுக்கு அதற்குள்ளேயே சுற்றளவால் இன்னொரு பிரிப்பு. சுற்றளவு ஏற ஏற ஒரு கனமீற்றருக்கான விலையும் ஏறும். அதாவது பருத்த மரத்தில் கனஅடியும் கூட, ஒவ்வொரு கனஅடிக்கும் கிடைக்கிற காசும் கூட. சுற்றளவு இரண்டு மடங்கானால் மரத்தின் அளவு நாலு மடங்காகும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டடிச் சுற்றளவில் நிற்கும் தேக்கு கைமரத்துக்கும் தூணுக்கும்தான் போகும். அதில் வெளிப்பக்கத்து வெள்ளைதான் பெரும்பகுதி, நடுவிலுள்ள வைரம் கொஞ்சம். வெள்ளையைக் கறையான் விடாது, தளபாடக்காரர் தொடமாட்டார். அதே மரம் இன்னும் சில வருடம் நின்றால் நிலைக்கும் பலகைக்கும் ஆகும். கைமர விலையிலிருந்து பலகை விலைக்கு மரம் தாவுகிற அந்த வருடங்களில் அது சம்பாதிக்கிற வீதத்தில் வங்கி நிலையான வைப்புக்கும் வட்டி தராது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பெரும்பாலானவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் விற்கிறார்கள்.

இனி அளவை. விலையைப் பற்றிச் சண்டை பிடிப்பவர்கள் நாடாவைப் பார்ப்பதே இல்லை. என் அனுபவத்தில் காணிக்காரர் இழப்பது பேரத்தில் குறைவு, நாடாவில்தான் அதிகம்.

எங்கள் பக்கத்தில் இன்னும் பழைய காற்பங்குக் கணக்குத்தான். கட்டையின் நடுவில் நாடாவைச் சுற்றி அங்குலத்தில் சுற்றளவு எடுப்பார்கள். அதை நாலால் பிரித்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அடியில் எடுத்த நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் பிரித்தால் கனஅடி. 48 அங்குலச் சுற்றளவு, 12 அடி நீளம் என்றால் காற்பங்கு 12. கணக்கைப் போட்டால் 12 கனஅடி. மனக்கணக்காகவே போட்டுவிடலாம். ஆனால் அதே கட்டையைப் பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கில் போட்டுப் பாருங்கள், 15 கனஅடிக்கு மேல் வரும். ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலான மரம் கணக்கில் ஏறுவதேயில்லை.

இதைக் களவு என்று சொல்ல முடியாது. வட்டக் கட்டையைச் சதுரமாக்கும்போது போகிற கழிவுக்காக வந்த முறை இது. எட்வர்ட் ஹொப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736இல் வெளியிட்ட அட்டவணைகளோடு அவர் பெயரிலேயே பரவி, வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் போய், நம்முடைய மரக்காலைக்கும் வந்து சேர்ந்தது. தவறு நடப்பது அடுத்த படியில். கழிவை ஏற்கெனவே கழித்த இந்த 12ஐ வைத்துக்கொண்டு, "அறுத்தா பாதிதானே தேறும், அப்ப ஆறு" என்று பேரம் பேசுவார்கள். பாதி தேறும் என்பது முழு மரத்துக்கு, அந்த 15க்கு. 15இன் பாதியும் 12இன் பாதியும் ஒன்றல்ல. ஒரே கழிவு இரண்டு தரம் கழிகிறது, யாரும் சத்தம் போடுவதில்லை.

கூட்டுத்தாபனப் பட்டியலைக் காட்டிப் பேசும்போதும் இதே சிக்கல் வரும். பட்டியல் கனமீற்றரில் இருக்கும், பேச்சு கனஅடியில் நடக்கும். உருளைக் கணக்கில் ஒரு கனமீற்றர் 35.3 கனஅடி, காற்பங்குக் கனஅடியில் 27.7தான். எந்தக் கனஅடி என்று கேட்காமல் 35ஆல் பிரித்துவிட்டு, "பாருங்கோ, கூட்டுத்தாபனமே இவ்வளவுதான் போடுது" என்று சொன்னால் காணிக்காரர் தலையாட்டுவார். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: பட்டியலில் இருப்பது வெட்டி, இழுத்து, டிப்போவில் அடுக்கி வைத்த கட்டையின் விலை. உங்கள் காணியில் நிற்கிற மரத்துக்கு அதே விலை கேட்டால் வாங்க வந்தவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

நாடா எங்கே சுற்றுகிறது என்பதையும் நின்று பார்க்க வேண்டும். அதே 12 அடிக் கட்டையின் மெல்லிய நுனியில் சுற்றி 40 அங்குலம் என்று எழுதினால் 8.3 கனஅடிதான் வரும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வெட்டுகிற இடமும் அப்படித்தான். செயின்சோக்காரர் குனியப் பஞ்சிப்பட்டு ஒன்றரை அடி உயரத்தில் வாளை வைப்பார். அடியில் 60 அங்குலம் இருக்கிற மரத்தில் அந்த ஒன்றரை அடி என்பது இரண்டேகால் கனஅடிக்கும் மேல். மரத்திலேயே பருத்த, வைரம் கூடிய துண்டு அது. அதை மண்ணில் விட்டுவிட்டு மேலே கொப்புக்குக் கிட்ட இருக்கிற மெல்லிய துண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு துண்டு போடுகிற நீளம். கதவு நிலைக்கு ஏழு அடிக்கு மேல் வேண்டும். லொறியில் அடுக்க வசதி என்று ஆறடியில் துண்டு போட்டால் நிலைக்கு ஆகிற மரம் யன்னலுக்கும் கதிரைக் காலுக்குமாகக் குறைந்துவிடும். மரத்தை விழுத்திய பிறகு முதல் வெட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று நீளத்தைப் பேசினால் போதும்.

ஆனால் பெரும்பாலான மரம் இங்கே அளக்கப்படுவதே இல்லை. நின்றபடி, குத்துமதிப்பாக, மொத்தமாக ஒரு தொகை. அதில் காணிக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. உள்ளே கோறை இருந்தால் அது வாங்கியவரின் தலையெழுத்து. அளந்து விற்றால் கோறை உங்கள் கணக்கில் கழியும். அதனால் அடியில் பொந்து தெரிகிற மரம், முன்னொரு காலத்தில் நெருப்புப் பட்ட மரம், தட்டினால் வெறும் சத்தம் கேட்கிற மரம் இவற்றை மொத்தமாகத் தள்ளிவிடுங்கள். நேராக, நோயில்லாமல் நிற்பதை விழுத்தி அளந்து விற்பதுதான் நல்லது என்பேன். இரண்டையும் ஒரே தொகைக்குள் போட்டு விற்றால் நல்ல மரம் கெட்ட மரத்தின் விலைக்குப் போகும். மறுபடி சொல்கிறேன், முதலாளி பயத்துக்கும் ஒரு பங்கு கழிப்பார். பத்து மரத்தில் ஒன்று கோறை என்று தெரிந்தால் பத்துக்கும் கழிப்பார்.

பயம் என்றதும் இரும்பைச் சொல்ல வேண்டும்.

கிண்ணியாவில் மர ஆலை வைத்திருந்த, நானா என்று நாங்கள் அழைக்கிற ஒருவரிடம் நாங்கள் அறுப்புக்குக் கொடுப்போம். ஒருநாள் மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த தேக்குக் கட்டை பாதி தூரம் ஓடியபோது வாளின் சத்தம் மாறியது. அவர் உடனே நிறுத்திவிட்டார். கட்டையைப் பிரித்துப் பார்த்தால் பட்டையிலிருந்து ஒரு சாண் உள்ளே முள்கம்பி. வளைந்து, துருவேறி, அதைச் சுற்றி உள்ளங்கையளவு மரம் கறுத்து நீலம் பாரித்திருந்தது. வெளியே ஒரு தழும்புகூட இல்லை. வாளில் பல் மூன்று நாலு போய்விட்டன. நானா கம்பியைக் குறட்டால் நெம்பி எடுத்து என் கையில் தந்தார்.

"தம்பி, இது வேலி மரம். இனி வேலி மரம் எண்டா அடி அஞ்சடியை நான் கணக்கில எடுக்க மாட்டன். உங்கட முதலாளிட்டச் சொல்லுங்க."

முதலாளி அதைக் காணிக்காரர்களின் விலையில் கழித்துக்கொண்டார். யாருடைய வேலியில் கம்பி இருந்தது, யாருடையதில் இல்லை என்று பார்க்கவில்லை. வேலியோரத் தேக்கு என்றாலே கழிவு. ஒரு ஆணி முப்பது ரூபாய்கூட வராது. தூண் போடக் காசில்லாமல் நிற்கிற மரத்திலேயே கம்பியை அடித்துவிடுகிறோம். அடிப்பது எங்கே? தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை. மரத்தின் விலையில் பெரும்பங்கு இருப்பதும் அங்கேதான். இப்போது கன்று வைத்து வேலி அடைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, மரத்துக்கு அரையடி தள்ளிக் கதியால் (வேலித் தடி) நட்டு அதில் கம்பியை அடியுங்கள்.

இன்னொரு இரும்பும் நம்முடைய மாவட்டத்தில் இருக்கிறது. ஷெல் விழுந்த ஊர்களின் மரங்களுக்குள் துண்டுகள் கிடக்கும். பட்டை மூடிவிட்டால் மரத்துக்கு அது பெரிய காயமில்லை, வாளுக்குத்தான் ஆபத்து. சம்பூரில் 2006இல் வெளியேறியவர்கள் 2015இலும் அதற்குப் பிறகும்தான் திரும்பிப் போக முடிந்தது. அந்தப் பக்கத்து மரம் என்று சொன்னாலே ஆலைக்காரர் ஒரு தரம் யோசிப்பார். காணியையும் இழந்து, வருடங்களையும் இழந்து, கடைசியில் மரத்திலும் கழிவு. இதற்கு என்னிடம் வழி இல்லை. அறுத்துக் காட்டிய பிறகு மீதியைப் பேசுவோம் என்று ஒரு மரத்தை முதலில் கொடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பாதை எப்படி என்பதும் விலைதான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அந்தக் கரை மரம் லொறியோடு மிதவைப் படகில் ஏறித்தான் வர வேண்டியிருந்தது. வரிசையில் நின்ற நேரம், தவறவிட்ட நாள் எல்லாம் அக்கரைக் காணிக்காரரின் கணக்கில்தான் கழிந்தன. பாலம் வந்த பிறகு கிண்ணியாவுக்கு அப்பால் விலை பேச நகரத்திலிருந்தும் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். ஒரே மரம், ஒரே மண், பாலம்தான் புதிது. இன்றைக்கும் கந்தளாய் வீதியில் லொறி நிறுத்திக் கை எட்டுகிற தூரத்தில் நிற்கும் மரத்துக்கும், வெருகல் பக்கம் உள்ளே மூன்று வாய்க்கால் தாண்டி நிற்கும் மரத்துக்கும் விலை ஒன்றாகாது. ரக்டரில் இழுத்து வந்து வீதியில் மாற்றி ஏற்ற வேண்டும் என்றால் இரண்டு ஏற்றுக் கூலி. நடுவில் அடுத்தவரின் வயல் இருந்தால் அறுவடை முடியும்வரை மரம் நகராது.

மழையும் அப்படித்தான். ஐப்பசியில் தொடங்கி மாரி முடியும்வரை எங்கள் பக்கத்துக் காணிகளுக்குள் லொறி இறக்குவது புத்தியுள்ளவன் செய்கிற வேலையில்லை. அந்த மாதங்களில் வாங்க வருகிறவர், சேற்றில் புதைகிற லொறிக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார். கோடையில் அதே ஆள் அதே மரத்துக்குக் கொஞ்சம் ஏறி வருவார். ஒரு லோடுக்கு மரம் சேருகிறதா என்பதையும் பார்ப்பார்கள். இரண்டு மரத்துக்காக லொறி வந்தாலும் வாடகை முழு வாடகைதான். பக்கத்து வளவுக்காரரோடு பேசி ஒரே கிழமையில் இரண்டு பேரும் விற்றால் அந்தச் செலவு பிரியும். ஆனால் எங்கள் ஊரில் பக்கத்து வளவுக்காரரோடு பேச்சுவார்த்தை இருப்பது அபூர்வம். எல்லைச் சண்டை அந்த மரத்தாலேயே தொடங்கியிருக்கும்.

வீட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்த மரம், மின்சாரக் கம்பிக்குப் பக்கத்து மரம் இரண்டும் தனி. கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும், நீளக் கட்டை கிடைக்காது. சிலவேளை விலை கிடைப்பதற்குப் பதிலாக நாம் கூலி கொடுக்க வேண்டியும் வரும்.

அடுத்தது பெர்மிட். இதை எழுதினால் நீளும், சுருக்கமாகச் சொல்கிறேன். தேக்கைக் காணிக்கு வெளியே ஏற்ற போக்குவரத்து அனுமதி வேண்டும். மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை மரம் ஏற்றிக்கொண்டு வீதியில் ஓடக் கூடாது. பலா, ஈரப்பலா, பெண் பனை இந்த மூன்றையும் வெட்டவே 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும்; சொந்தக் காணி என்பதால் விதிவிலக்கு இல்லை. கருங்காலியை மறந்துவிடுங்கள். காணி உறுதிப் பத்திரம், கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலகம், வந்து பார்க்கிற உத்தியோகத்தர் என்று ஒரு சுற்று. உறுதி கையில் இருந்தால் இது அலைச்சல் மட்டும்தான். இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்களுக்கும், காணி இன்னும் இறந்துபோன பாட்டனின் பெயரில் இருப்பவர்களுக்கும், வன இலாகாவின் எல்லைக் கல் வளவுக்குள் வந்து நிற்கிறவர்களுக்கும் இது மதில். அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியும் உறுதிக் காணியைப் போல இலகுவில் நடக்காது.

இந்த இடத்தில்தான் அந்த வசனம் வரும்: "பெர்மிட்டை நான் பாக்கிறன், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க." கேட்க நிம்மதியாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு விலை உண்டு, அது வெளியே சொல்லப்படுவதில்லை. அலைச்சலுக்கு வாங்குகிறவர் கழிப்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிது, பெர்மிட் அவர் கையால் நடந்தால் அதற்குப் பிறகு நீங்கள் இன்னொருவரிடம் பேச முடியாது. நீங்களே எடுத்து வைத்திருந்தால் வீதியால் போகிற யாரும் விலை சொல்லலாம். நான் கணக்கு எழுதிய காலத்தில் கடதாசி தயாராக வைத்திருந்த காணிக்காரரிடம் முதலாளி பேசிய தொனியே வேறு.

கடதாசி இல்லாத மரமும் சந்தையில் இருக்கிறது. காட்டில் களவாக வெட்டியவருக்கு வளர்த்த செலவில்லை, காணி இல்லை. பிடிபடுவதற்கு முன் தள்ள வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான். காட்டு மரங்களான முதிரையும் பாலையும் அப்படி மலிவாக வந்து விழுகிற ஊரில் வளவுத் தேக்கின் விலையும் கீழே இழுபடும். ஒரு காலத்தில் இந்த மாவட்டத்துச் சவண்டலை மரம் துறைமுகத்தால் கப்பலேறியது. வெள்ளைக்காரர் அதைத் திருக்கோணமலை மரம் என்றே எழுதினார்கள். சென்னைக் கரையில் அலை தாண்டி ஓடிய மசூலாப் படகுகளுக்கு அதைத் தேடி வாங்கினார்கள். இன்றைக்கு ஒரு நல்ல சவண்டலைப் பலகை வேண்டும் என்றால் பழைய வீடு உடைக்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும்.

வெளிச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது நம் கையில் இல்லை. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பிய வருடங்களில் தேக்குக்கு நல்ல கேள்வி இருந்தது. 2022இல் டீசல் வரிசையில் லொறிகள் நாட்கணக்கில் நின்றபோது மரம் காணியிலேயே கிடந்தது. எரிவாயு இல்லாததால் விறகுக்குத்தான் விலை வந்தது. இப்போது புது வீடுகளில் யன்னலுக்கு அலுமினியம், நிலைக்குக் கொங்கிறீற் என்று போகிறார்கள். கறையான் பயம் ஒன்று, தச்சு பாஸ்மாரின் நாள்கூலி இன்னொன்று. முன் கதவுக்கு மட்டும் இன்னும் தேக்குத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் இவ்வளவையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒன்று உண்டு. காசு எப்போது வேண்டும் என்பது. மகளின் கல்யாணத் திகதி குறித்த பிறகு, நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கிற கிழமையில், வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏஜென்சி கெடு வைத்த பிறகு மரத்தை விற்கிறவருக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் உதவாது. வாங்க வருகிறவர் முதலில் மரத்தைப் பார்க்க மாட்டார், வீட்டைப் பார்ப்பார். பந்தல் போட இடம் துப்புரவாக்கியிருக்கிறதா, முற்றத்தில் சீமெந்துப் பைகள் அரைவாசியில் நிற்கின்றனவா என்று. நானும் அப்படிப் பார்க்கப் பழக்கப்பட்டவன்தான். அட்வான்ஸ் என்று ஒரு சிறு தொகையை அன்றைக்கே கையில் திணிப்பதும் இதனால்தான். அதை வாங்கிவிட்டால் மரம் உங்கள் காணியில் நின்றாலும் உங்கள் மரம் இல்லை.

போன கோடையில் தம்பலகாமத்தில் இருக்கிற பெரியம்மா அழைத்தார். "மகன், ஆள் ஒண்டு வந்து பதினொரு மரத்துக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லிட்டுப் போறான். நாளைக்கே காசு தாறன் எண்டான். குடுக்கட்டா?" அவசரம் ஒன்றும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவசரமில்லாதவர் விற்பதைப் பார்ப்பதே எனக்கு அபூர்வம், அதனால் நேரில் போனேன்.

பெரியம்மாவின் தையல் நாடாவை எடுத்து, ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் சுற்றி, அவரையே அங்குலத்தை எழுதச் சொன்னேன். பேரனின் பள்ளிக்கூடக் கொப்பியில் பின்பக்கமிருந்து எழுதினார்: எண், சுற்றளவு, முதல் கொப்பு வரை ஏறக்குறைய உயரம், கம்பி இருக்கா இல்லையா. வேலியோரத்து நாலு மரத்தில் கம்பி. மின்சாரக் கம்பிப் பக்கம் சாய்ந்தது ஒன்று. இரண்டடிகூட எட்டாதவை மூன்று. நல்ல மரம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவை மூன்றுதான், கிணற்றடியில் நின்றவை. பதினொரு மரத்துக்கும் சேர்த்துச் சொன்ன தொகை, அந்த மூன்றுக்கு மட்டும் என்றாலே கேட்கக்கூடிய தொகையாகத்தான் எனக்குத் தெரிந்தது.

மெல்லிய மூன்றையும் விட்டுவிடச் சொன்னேன். கடதாசி வேலையை பெரியம்மாவின் மருமகன் பார்த்தார். அலைந்தார், திட்டினார், எடுத்தார். பிறகு வேறு இரண்டு பேருக்குச் சொல்லி அனுப்பினோம். கொப்பியைக் கண்டதும் ஒருவர் சிரித்தார், ஆனால் குத்துமதிப்பு பேசவில்லை. கிணற்றடி மரங்களுக்கு கனஅடிக் கணக்கிலேயே வந்தார். முதலில் வந்தவரும் கேள்விப்பட்டுத் திரும்பி வந்து ஏறினார். கடைசியில் மரம் அவருக்குத்தான் போனது, முதல் சொன்ன விலைக்கு இல்லை. நாடா நடுவில், வெட்டு தரையோடு, நிலைத் துண்டு ஏழரை அடி என்று எல்லாம் பேசி முடித்தோம். வேலி மரங்கள் மொத்தமாகப் போயின, அதில் பெரிய காசு இல்லை. சாய்ந்த மரத்துக்குக் கயிற்றுக்காரர் கூலியோடு கணக்கு நேராகிவிட்டது.

ஒன்றே ஒன்றைப் பேசாமல் விட்டுவிட்டோம். மரம் விழுந்த அன்று கொப்புகள் யாருக்கு என்று ஒரு சண்டை. லொறிக்காரர் கைமரத்துக்கு ஆகிற கொப்புகளைத் தெரிந்தெடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டார். பெரியம்மா விறகு என்று வாசலில் போய் நின்றுகொண்டார். சுற்றளவில் ஒன்றரை அடிக்கு மேலானது அவர்களுக்கு, கீழானது வீட்டுக்கு என்று நடுவில் நின்று பிரித்துவிட வேண்டியிருந்தது. விற்கப் போகிறவர்கள் இதையும் முதலிலேயே கேட்டு எழுதிவிடுங்கள்.